கடைசியாக எழுதியதே செல்லும்

உயில் எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன், ஐயா. சொத்தைப் பற்றிப் பேச வந்தாலும் சாவைப் பற்றித்தானே பேசப் போகிறார்கள். தொண்டை வறண்டிருக்கும். அவர்கள் குடித்து முடிக்கும்வரை பேனாவைத் திறக்கமாட்டேன். முப்பத்தோரு வருடத்தில் இந்த வழக்கம் ஒருநாளும் தவறியதில்லை.

டீச்சரும் அப்படித்தான் வந்தார். கணவர் இல்லை. மகள், மருமகன், பேச்சு வராத மகன், டீச்சரோடு நால்வரும் ஒரே வீட்டில். மகனை எல்லோரும் சின்னவன் என்பார்கள். முப்பத்துநாலு வயது, மனசு ஐந்து வயதுக்காரனுடையது. குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்க அம்மா பழக்கியிருந்தார். எங்கே டம்ளரைக் கண்டாலும் கழுவிவிடுவான்.

வீடு சின்னவனுக்கு, அவனுக்குக் காப்பாளர் மகள் என்று எழுதினேன். சாட்சிக் கையெழுத்துப் போடுகிற இருவரும் பங்கு பெறாதவர்களாக இருக்க வேண்டும், வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும், எத்தனை முறை எழுதினாலும் கடைசியாக எழுதியதே செல்லும் என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன்.

"'என் மறைவுக்குப் பின்'னு இத்தனை தடவை போடணுமா சார்? படிக்கப் படிக்க நெஞ்சை அடைக்குது."

"உயில் எழுதினவங்க நூறு வயசு இருப்பாங்க டீச்சர்."

"எழுதறவருக்கு என்ன, வாய் வார்த்தைதானே" என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டபோது அவர் முகத்தில் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியைப் பார்க்கத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

கடைசியாக எழுதியதே செல்லும் என்ற சட்டம்தான் எனக்குப் பயம், ஐயா. அச்சகக்காரர் ஒருவர் ஏழு முறை மாற்றினார். மருமகள் காபியை ஆறவிட்டுக் கொடுத்தால் ஒரு உயில், பேரன் காலைப் பிடித்துவிட்டால் இன்னொன்று. அவர் போனபோது மகன்கள் இருவரும் உடலை எடுக்கவிடாமல் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். அந்த அறையில் இருந்த வாடை இன்னும் என் சட்டையில் இருப்பதாகத் தோன்றும். அன்றிலிருந்து யாராவது தொலைபேசியில் 'மாத்தணும்' என்றால் எனக்கு அந்த வாடைதான் வரும்.

நல்ல மனதோடு எழுதிய உயில் கெட்ட மனதால் கலைந்துவிடக் கூடாது என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட பிறகுதான் 'மாத்தணும்' என்று கூப்பிட்ட முதலாமவரிடம் போனேன். டீச்சருக்கு முன்னால் மூவர். மூவரும் தூங்கியபடியே போனார்கள். வயதானவர்கள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மூன்று குடும்பங்களும் இன்றுவரை சண்டையில்லாமல் இருக்கின்றன. விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை பத்து மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்.

"உயிலை மாத்தணும் சார். உடனே வாங்க. போன்ல சொல்ல முடியாது."

என்ன மாற்றம் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம். மகள் ஏதோ பேசிவிட்டாள், கோபத்தில் வீட்டை வேறு யாருக்கோ எழுதப் போகிறார், பிள்ளை தெருவில் நிற்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் படியேறினேன்.

"வந்துட்டீங்களா? கதவைத் தாழ்ப்பாள் போடுங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் நாலு மணிக்குத் திரும்பிடுவாங்க."

அவர் கை பனிக்கட்டிபோல இருந்தது. பேசும்போது கண் கதவிலேயே இருந்தது. சின்னவன் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெயில் நாளில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"நானே உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கேன், நீங்க பால் காய்ச்சறீங்களே."

"பதற்றத்துல எதையும் எழுதக் கூடாது டீச்சர். முதல்ல குடிங்க."

"சொல்றதைக் கேளுங்க சார். சின்னவன் கையைப் பாருங்க. அந்தச் சட்டையை..."

"குடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் எங்கேயும் போகல."

நான் சொன்னதால் குடித்தார். கலந்தது என்ன என்பதைத் தனியாக எழுதித் தருகிறேன். சற்று நேரத்தில் கட்டிலில் இருந்த தலையணையைக் காட்டினார். பிறகு அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். அவர் கையைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த உதவியாவது செய்ய வேண்டாமா?

சின்னவன் மேஜைக்கு அடியிலிருந்து வந்தான். டம்ளரை எடுத்துப் போனான். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கழுவினான். அப்போது பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகச் சிகரெட்டால் சுட்ட தழும்புகள். சில இன்னும் ஆறவில்லை.

தலையணைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. இன்றைய தேதி. கீழ்த்தளத்து நர்ஸம்மாவும் எதிர்வீட்டுத் தையல்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட விடவில்லை. என் சம்மதத்தைக் கேட்கவும், தாளை என்னிடம் பத்திரமாகக் கொடுக்கவும்தான் கூப்பிட்டிருக்கிறார். மகளும் மருமகனும் சின்னவனைக் கொடுமை செய்கிறார்கள் என்று எழுதி, புதிய காப்பாளராக என் பெயரை எழுதியிருந்தார். காரணமும் இருந்தது: 'வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச்சைத் தொடங்காத மனிதர். என் பிள்ளையை இவரை நம்பி விட்டுப்போக எனக்குப் பயமில்லை.'

படித்துவிட்டு அழுதேன், ஐயா. பிறகு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். கொன்றவன் செத்தவருடைய சொத்தில் பங்கு பெற முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பங்குதாரன் இல்லை, வெறும் காப்பாளர். நான் படித்தவரையில் தாளில் குறை இல்லை. கடைசியாக எழுதியது அதுதான்.

அவனையும் கூடவே அழைத்து வந்திருக்கிறேன். வெளியே பெஞ்சில் என் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யார் வந்தாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. நீங்கள் வாக்குமூலத்தை எழுதி முடித்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு உயிர் இப்படிப் பயந்துகொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. போனதும் அவனுக்குக் கொஞ்சம் பால் காய்ச்சிக் கொடுக்கிறேன்.