தேதி இடாத கடிதம்

ராஜினாமாக் கடிதம் எழுதுவது கடினமான வேலையன்று, ஆய்வாளர் அவர்களே. ஆங்கிலத்தில் நான்கு வரிகள் போதும். ஓசூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பின், தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் பலருக்கு அதை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு ஆலையில் நேர்முகத்தேர்வு முடிந்ததும், கடிதத்தில் கையெழுத்திட்டு, தேதியை மட்டும் எழுதாமல் என்னிடம் விட்டுச்செல்வார்கள். புதிய வேலைக்கான ஆணையும் என் முகவரிக்கே பதிவுத் தபாலில் வரும். அது வந்த பிறகு தேதியை எழுதிக் கொடுப்பேன். அன்றிலிருந்து ஒரு மாத நோட்டீஸ்.

முனிவேல் லேத் இயக்குபவர். என் வீட்டின் பின்கட்டில் மனைவி சாந்தம்மாவுடன் நான்கு ஆண்டுகள் குடியிருந்தார். என் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது அவர்களால்தான். மாலையில் சாந்தம்மா களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள். 1987 மே மாதத்தில், கர்நாடகத்தில் அத்திப்பள்ளிக்கு அப்பால் புதிதாகத் தொடங்கிய ஓர் ஆலைக்கு முனிவேல் தேர்வானார். அங்கே குடியிருப்பும் உண்டு.

"ஆர்டரு கைக்கு வந்தப்புறம் தேதி போடுங்க சார். முன்னாடியே குடுத்துட்டா இதுவும் போயி அதுவும் போயிரும்" என்றார் கையெழுத்திட்டபடி.

"பொட்டிய இப்பவே கட்டி வெச்சிட்டாருங்க சார். கன்னடம் வருமான்னு கேளுங்க. சாப்டாச்சான்னு கேக்கற 'ஊட்ட ஆய்த்தா' தவிர ஒண்ணும் தெரியாது" என்றாள் சாந்தம்மா.

"சோறு கெடைக்க அது போதும், போ."

நானும் சிரித்தேன்.

ஆணை ஜூன் எட்டாம் தேதி வந்தது. ஜூலை பதினைந்துக்குள் சேர வேண்டும் என்றிருந்தது. உங்கள் மேசைமேல் உள்ள தபால் ஒப்புகை அட்டையில் இருப்பது என் கையெழுத்துதான். ஆணையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறைத்தால் மட்டும் போதாது என்பது எனக்கு விளங்கியது. கையில் வேலை உள்ளவர் மறுபடியும் வேறு வேலை தேடுவார். வேலை இல்லாதவர் வீடு மாற்ற மாட்டார். ஆகவே மறுநாள் கடிதத்தில் தேதியை எழுதி, அவருடைய ஆலை அலுவலகத்தில் நானே சேர்ப்பித்தேன். ஆணை இரண்டொரு நாளில் வந்துவிடும், நோட்டீஸ் மாதம் வீணாக வேண்டாம் என்று முனிவேலிடம் சொன்னேன்.

"நீங்க பாத்து செஞ்சா சரிங்க சார்" என்றார்.

நோட்டீஸ் முடிந்தது. ஜூலை பதினைந்துக்கு எஞ்சிய ஆறு நாள் மட்டும் அவரை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. புதிய ஆலைக்கு நேரில் போய்க் கேட்கப் புறப்பட்டவரை உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். மீன் வருமென்று நின்ற கொக்கு பொறுமையிழந்து குளத்தைக் காலால் கலக்கியதாம். மீன்களெல்லாம் மறுகரைக் கொக்கிடம் போய்விட்டனவாம். அந்த ஆலைக்கு இயந்திரங்கள் வரத் தாமதமாகிறது, நச்சரித்தால் பெயரை அடித்துவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"அப்ப நான் கொக்குங்கறீங்க" என்று சிரித்தார். "சரி சார், ஒத்தக் கால்ல நிக்கறேன்."

ஜூலை பதினைந்து கடந்தது. பழைய ஆலையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தார். வாடகை வேண்டாம் என்றேன். அவர் மனம் ஒப்பவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்குவாரியில் கூலிக்குச் சேர்ந்தார். இரும்பின் போக்கு அவருக்குத் தெரியும். வெடிவைத்த பாறை எப்போது சரியும் என்பது தெரியாது. செப்டம்பரில் சரிந்தது. உடலை எடுக்க மறுநாள் பிற்பகல் ஆயிற்று. மயானம் வரை நான் உடன் நடந்தேன்.

இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. அவரைக் கொன்றது பாறை என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. நான் என்று திருத்திக்கொள்ளலாம். ஆனால் பகையால் செய்ததாக எழுதாதீர்கள். அவர்களைப் போகவிட எனக்கு மனமில்லை, அவ்வளவே.

சாந்தம்மாவின் அண்ணன் கோவிந்தப்பன்தான் புதிய ஆலைக்குச் சென்று இந்த அட்டையைப் பெற்றுவந்தார் என்றீர்கள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. இந்தக் காவல் நிலைய வாசலில் எனக்காகத் தூக்குப்பாத்திரத்துடன் அமர்ந்திருப்பவள் அவள்தான். நீங்கள் அவசரப்பட்டு அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். எதை எப்போது அவளால் தாங்க முடியும் என்பது எனக்குத்தான் தெரியும். தகுந்த நாள் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.