பிடிச்சிருக்கு, ஆனா தப்பு

“தப்புன்னு நீங்க சொன்னா, உங்களுக்குப் பிடிக்கலைன்னுதாண்ணே அர்த்தம். அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.”

மலாயாக் கரையிலுள்ள பாகானிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் நீராவிப் படகில் இது என் காதில் விழுந்தது. பின்பலகையில் அண்ணன் தம்பி இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது தம்பி. கணவனை இழந்த அவர்களுடைய தங்கையை, தீவின் மறுபக்கத்திலுள்ள பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பெண் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“அப்படியில்ல தம்பி. எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு,” என்றார் அண்ணன்.

“பிடிச்சிருக்கா?”

“அவரு வந்துட்டுப் போன அன்னிக்கு நம்ம தங்கச்சி சமைச்சுக்கிட்டே பாடினா. இத்தனை வருஷத்துல நான் அதைக் கேட்டதில்ல. மனசுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஆனாலும் தப்பு தப்புதானே.”

“ஊர் பேசும்னு பயப்படுறீங்களா?”

“ஊரை விடு. ஊரே சரின்னு சொன்னாலும் தப்புதான்.”

“உங்களுக்குப் பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு, அவளுக்கும் பிடிச்சிருக்கு. அப்புறம் எப்படிண்ணே தப்பாச்சு?”

படகு துறையில் ஒட்டியதும் அண்ணன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“தப்பில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி,” என்றார். “ஆனா சம்மதம்னு சொல்லிடுவோம். தாலி எடுத்துக் குடுக்க நான் நிக்கிறேன்.”