பிணைக்கு நின்றவன்

எங்கள் வீட்டில் சீனி எப்போதும் மாதக் கடைசி வரை வரும், ஃபாதர். என் மனைவி ஹில்டாவின் கைப்பழக்கம் அது. சம்பளத்தன்றே அரிசிக்கு, மாவுக்கு, கருவாட்டுக்கு, மகள் ஷாமிளாவின் டியூஷனுக்கு என்று பிரித்து முடிந்து வைத்துவிடுவாள். குருவிட்ட ஊர்ப் பக்கத்தில் இந்த ரப்பர் தோட்டத்தில், கடைக்காரனுக்குப் பயந்து சுற்றுவழியில் போகாத குடும்பம் எங்களுடையது.

அருள்தாஸை உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் அடக்கம் செய்தீர்கள். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு, மச்சான் முறை. திரீவீல் வாங்கத் தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுத்தபோது, "ஒரு கையெழுத்துதானே மச்சான்" என்றான். பிணைக்கு நின்றேன். திரீவீல் பள்ளத்தில் உருண்டது. அவன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, ஓடைப் பக்கம் களவாக மாணிக்கக் குழி தோண்டப் போனான். சம்பளமே இல்லாதவனிடம் எதைப் பிடிப்பது? என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

முதலில் இறைச்சி நின்றது. பிறகு டியூஷன். பிறகு ஹில்டாவின் தோடு அடகுக்குப் போனது. அவள் ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. "இன்னும் எதக் கொறைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அருள்தாஸோ வழியில் கண்டால் தோளில் கை போடுவான். "ஒரு கல்லு கெடைக்கட்டும் மச்சான், எல்லாத்தையும் கட்டிருவேன்."

சங்கத்துக் கிளாக்கரிடம் போய், கையெழுத்தைத் திரும்ப எடுக்க வழியுண்டா என்று கேட்டேன்.

"வழியே இல்ல. ஒண்ணு அவரு கட்டணும், இல்லாட்டி நீங்க கட்டணும்."

"அவன் செத்துப் போனா?"

"அப்ப இன்சூரன்ஸ்ல கழிஞ்சிரும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லதுதானே.

பெருவெள்ளம் வந்ததற்கு அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அருள்தாஸ்தான் கூப்பிட்டான். குழியில் மழைத்தண்ணீர் ஊறுகிறது, மெஷின் ஓட்ட ஆளில்லை என்றான். தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் மெஷின் எப்போதும் கரையில்தான் இருக்க வேண்டும். குழிக்குள் இறக்கினால் புகை உள்ளேயே தங்கி ஆளைக் கொன்றுவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் அடியில், பக்கவாட்டுச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து மண் வெட்டிக்கொண்டிருந்தான். மேலே நடப்பது தெரியாது. நான் மெஷினைக் கயிற்றில் கட்டி, குழிக்குள் பாதியில் இருந்த பலகைத் தட்டில் இறக்கினேன். உண்மையில் அங்கிருந்து தண்ணீர் நன்றாகவே இழுத்தது.

"மச்சான், தல சுத்துது. கயித்தப் போடு."

கயிறு என் கையில்தான் இருந்தது. அடுத்த தடவை, "அருமைநாயகம்" என்று கூப்பிட்டான். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து, மெஷினை மேலே இழுத்து நிறுத்தினேன். பெட்ரோலும் சும்மா கிடைப்பதில்லை. அதன் பிறகு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். மண்ணுக்குள் கெட்ட காற்று இருந்திருக்கும் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

கடன் கழிந்தது. தோடு வீட்டுக்கு வந்தது.

அவன் மனைவி எஸ்தர் வந்து வாசலில் நின்றாள். "அண்ணே, அவராலதானே ஒங்க சம்பளத்த வெட்டுனாங்க. அந்தக் காச நான் குடுத்துருவேன். அவரு கடங்காரரா போகக் கூடாது."

காலையில் ரப்பர் பால் வெட்டினாள். பின்னேரம் துரை பங்களாவில் பாத்திரம் கழுவினாள். மகனின் படிப்பை நிறுத்தி, அவனைக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பினாள். மாதம் தவறாமல் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவள் மனம் நொந்திருக்கும்.

போன சம்பளத்தோடு கட்டி முடித்துவிட்டாள். அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் வந்தேன், ஃபாதர். முன்னாலேயே வந்திருக்கலாம். ஆனால் விஷயம் தெரிந்திருந்தால் அவள் பாதியில் நிறுத்தியிருப்பாள். புருஷன் கடன் அப்படியே நிற்கிறதே என்று காலமெல்லாம் தூக்கம் கெட்டிருக்கும். அவளுக்காகத்தான் பொறுத்திருந்தேன்.