ஏலநாற்று இருக்கும் அறை

காலையில் போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில், ஏலக்காய் பறிக்கப் போகும் இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் போனைக் காதிலிருந்து இறக்கவே இல்லை.

“எங்க வீட்டுக்காரரு எடுக்க மாட்டேங்கிறாருக்கா. எஸ்டேட்டு ரூம்புல குளிருக்குச் சட்டியில கரி மூட்டி வச்சு, கதவச் சாத்திட்டுத்தேன் படுப்பாரு.”

“மூச்சு முட்டிப் போகாதாடி?”

“உள்ள ஏலநாத்து நெறைய வச்சிருக்காரு. கெட்ட காத்தச் செடி இழுத்துச் சர்க்கரையாக்கிரும்னு எங்க மக பாடம் படிச்சதக் கேட்டுக்கிட்டு, பயமில்லேங்கிறாரு.”

“எம்மகளுந்தேன் அதப் படிச்சா. அதுக்கு வெளிச்சம் வேணும்டி! இருட்டுல செடியும் நம்மள மாதிரி மூச்சுத்தேன் விடும்.”

இளையவள் போனை மெல்ல மடியில் வைத்தாள்.

“நேத்து சன்னலையும் சாக்கு வச்சு அடைச்சுட்டேன்னாருக்கா. நாத்துக்குக் குளிரக் கூடாதுன்னு.”