கீகனுக்குத் தலைவலி இல்லை

காலைச் சாப்பாட்டில் நான் யாருக்கும் குறை வைத்ததில்லை. வெளியூரிலிருந்து ஐஸ் ஹாக்கி ஆட வரும் பையன்களை வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் ஊர்க் குடும்பங்களின் வழக்கம். பதினோரு வருடமாக என் மாடியறை காலியாக இருந்ததே இல்லை. அந்தப் பையன்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கீகன் லிண்ட் ஜனவரியில் வந்தான். வயது பத்தொன்பது, தடுப்பாட்டக்காரன். அவன் ஒருவனை வாங்க எங்கள் அணித் தலைவனையும் இன்னொரு நல்ல ஆட்டக்காரனையும் வேறு அணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஊரே கொதித்தது. காபிக்கடையில் காலை முழுக்க இதே பேச்சு.

"ரெண்டு காளையைக் குடுத்துட்டு ஒரு கன்னுக்குட்டியப் புடிச்சிட்டு வந்திருக்கானுங்க," என்றார் வெர்ன். கோதுமை விளைத்து ஓய்ந்தவர். நாற்பது வருடமாக அரங்கில் ஒரே நாற்காலி.

"அதுவும் நோஞ்சான் கன்னு. காலைப் பாத்தீங்களா, கொக்கு மாதிரி," என்றார் லாய்ட்.

"சும்மா வாய்க்கு வந்தத உளறாதீங்க," என்றேன் நான். "சீசன் முடியட்டும். இதே மேசையில உக்காந்து அவன் பேரைச் சொல்லிக் கும்புடப் போறீங்க."

"அவன் ஜட்டியத் தோய்க்கிறவளாச்சே அர்லீன், அப்படித்தான் பேசுவா," என்றார் வெர்ன்.

கடையே சிரித்தது. சீ என்றாகிவிட்டது எனக்கு. ஒரு தாய் பெற்ற பிள்ளையைச் சந்தை மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்து, இத்தனை பெறுவான், அத்தனை பெறமாட்டான் என்று பேசுகிற வாய்கள். அன்று காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

பிப்ரவரியில் அவன் ஆட ஆட, அந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. லாய்ட் என்னிடமே வந்து, "பையன் பரவால்ல போலிருக்கே," என்றார். வெர்ன் மட்டும், "பாப்போம், பாப்போம்," என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் ஒருவர்தான் பாக்கி.

மார்ச் முதல் வாரம் எதிரணிக்காரன் ஒருவன் கீகனை அரங்கின் பக்கச்சுவரில் தலை இடிக்க மோதித் தள்ளினான். கீகன் எழுந்து ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தான். வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தான். அடைத்துக்கொண்ட மக்ரோனியை என் கையால் வழித்து எடுத்தேன். மூக்கைச் சுளிக்கவில்லை.

"லைட்ட அணைச்சிடுங்க அர்லீன், கண்ணுக்குள்ள குத்துது," என்றான். "தலைக்குள்ள ஏதோ சரியில்ல. டாக்டர்கிட்டச் சொல்லிடலாமா?"

காலையில் எங்கள் நாயின் பெயரை மூன்று முறை கேட்டான். இரண்டு மாதமாக அவன் கட்டிலில் படுத்துத் தூங்குகிற நாய்.

அணியின் உடல்நலப் பொறுப்பாளர் போன் செய்தார். "வாந்தி, தலைவலி ஏதாவது உண்டா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க."

"குதிரை மாதிரி சாப்பிடறான். தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றேன். கீகன் எதிரில்தான் நின்றான். போனை வைத்துவிட்டு அவனிடம் சொன்னேன்: "இப்ப ஆடாமப் போய் உக்காந்தேன்னு வை, ஓட்டைச் சரக்குன்னு முத்திரை குத்திடுவாங்க. அப்புறம் எவன் உன்னைச் சீந்துவான்?" தலையாட்டினான். நல்ல பையன். மறுபேச்சே கிடையாது.

அடுத்த வாரம் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். அவன் அறைக்குக் கனமான திரை வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் வலி மாத்திரை இரண்டு கொடுத்தேன். பெற்றவள்கூட இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இறுதிச் சுற்று சனிக்கிழமை மத்தியானம், அவனை எங்களுக்குக் கொடுத்த அதே அணியோடு. கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியல. அம்மாகிட்டப் பேசணும்," என்றான். போனை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "ஆட்டம் முடியட்டும், ஆற அமரப் பேசு," என்றேன். அக்குளில் கைகொடுத்து எழுப்பிவிட்டு, நானே காரில் கொண்டுபோய் இறக்கினேன்.

இரண்டாம் பகுதியில் அவனுக்குப் பட்டது பெரிய அடியே இல்லை. சாதாரணத் தோள் இடிதான். எழுந்தான், சறுக்கிக்கொண்டு போய் எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்தான். அரங்கமே சிரித்தது. "குடுத்தவங்ககிட்டயே திரும்பிப் போறான் பாரு," என்று வெர்ன் கத்தினார். அவருக்கு மூன்று வரிசை பின்னால் இருந்த நானும் சிரித்தேன். எனக்குத் தெரியும், ஆனாலும் சிரித்தேன். பிறகு அவன் அந்த பெஞ்சிலிருந்து முகம் குப்புற விழுந்தான்.

அவன் அம்மா ஒன்பது மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி நடையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முன்னாடி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லலையேம்மா," என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள், முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் இப்போது குழாய் வழியாகத்தான் சாப்பிடுகிறான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

சொன்னான். மூன்று தடவை சொன்னான். பொறுப்பாளரிடம் பொய் சொன்னது நான்தான், போனைப் பிடுங்கி வைத்ததும் நான்தான். இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

திங்கட்கிழமை காபிக்கடைக்குப் போனேன். வெர்ன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "நல்ல ஆட்டக்காரன்டா அவன்," என்றார். வாங்கினது தப்பு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சனிக்கிழமை அவன் களத்தில் நின்றவரை நம் வலையில் ஒரு கோல் விழவில்லை.