சிவப்பு தெரியாத ரோல்

கையை எடு. ஈரம் இன்னும் காயல. நெகட்டிவ்ல ரேகை விழுந்துச்சுன்னா அதுக்கும் நாளைக்கு என்கிட்டதான் சண்டைக்கு வருவ. ஓரத்தைப் பிடிச்சுப் பாரு, இல்லன்னா கையைக் கட்டிக்கிட்டு நில்லு. யாரு மாஷிமா? நான் என்ன உங்கம்மா கூடப் பொறந்தவளா? பேரு தேபோஜித்தா? எந்த ஜித்தா வேணா இருந்துட்டுப் போ. மாஷிமா மாஷிமான்னு கூப்பிட்டுக் கூலியைக் குறைக்கிற வேலையெல்லாம் தர்மதலா கடையோட வச்சுக்கோ.

அங்கயும் வச்சுக்கிட்டியா? ஹாராதன் பாபுகிட்டயே பேரம் பேசினியா? அடப்பாவி! அந்த மனுஷனே பேரத்துல பெரிய கொம்பன். அவரே தாங்க முடியாம, ரோலை வாங்கி வைக்கிறதுதான்ப்பா நானு, கழுவுறது ஷ்யாம்பஜார்ல ஒரு அம்மா, அங்கயே போய் உயிரை வாங்குன்னு விலாசத்தைக் குடுத்துட்டாரா. இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட அவரு என் வாசலுக்கு அனுப்பினதில்ல தெரியுமா? உன்னைத்தான் அனுப்பியிருக்காரு.

என்னது, ஜாஸ்தியா? நம்ம ஊரு வெயில்ல குழாயைத் திறந்தா என்ன வருதுன்னு தெரியாது உனக்கு? டீ போடலாம் அந்தத் தண்ணியில. அதுல மருந்தைக் கலந்து ஊத்தினா படம் புழுங்கிப் போயிடும். மீன்காரன் நிதாய்கிட்டப் போய் ஐஸ் வாங்கி, வாளியில கொட்டி, மருந்து பாட்டிலை அதுக்குள்ள நிறுத்தி ஆற வைக்கிறேன். குளிக்கிற ரூம் பூரா இலிஷ் மீன் நாத்தம். அந்த நாத்தத்துக்கு உன்கிட்ட தனியா காசு கேட்டேனா? கேக்கல இல்ல? அப்புறம் என்ன.

மத்தவங்களுக்கு எப்படிச் சல்லிசா முடியுதுன்னா, நாலு பேரு ரோலை ஒரே டப்பாவுல போட்டு ஒரே மருந்துல எடுத்துடுவேன். கூலியைப் பங்கு போட்டுக்குவாங்க. உன்னோட ரோல் அதுல சேராது. அதுக்குத் தனி மருந்து, தனிப் பக்குவம். ஏன்னா நீ வாங்கின லட்சணம் அப்படி. எங்க பொறுக்கின இதை? பார்த்தியா, அதானே. டாலிகஞ்ச்ல சினிமாக்காரன் சத்தம் பதியறதுக்கு வச்சிருந்த பழைய ஃபிலிம். மிச்சத்தை எடைக்குப் போட்டிருப்பான். எவனோ அதைத் துண்டு துண்டா வெட்டி டப்பியில அடைச்சு உன் தலையில கட்டிட்டான். பாதி விலைன்னதும் பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கியிருக்க.

இதுக்குச் சிவப்பு தெரியாதுப்பா! குருட்டு ஃபிலிம். சிவப்பா எது முன்னாடி நின்னாலும் கறுப்பாத்தான் எழுதும். உன் சிநேகிதன் போட்டிருக்கிறது சிவப்புச் சட்டைதானே? பிரிண்ட் போட்டா கரி மூட்டை சுமந்தவன் மாதிரி நிப்பான். அந்தப் பொண்ணோட உதடும் மசியைக் குடிச்ச மாதிரிதான் வரும். இந்த ஃபிலிம்ல எடுத்துட்டு, கழுவினதுல கோளாறுங்கிற. கோளாறு உன் கஞ்சத்தனத்துல.

யாரு அந்தப் பொண்ணு?

தோழி. ம். கூடப் படிச்சவ. சரி.

நிக்காத, வெளிச்சத்தை மறைக்கிற. அந்த நாற்காலியில இருக்கிற துணியைத் தள்ளிட்டு உக்காரு. டீ எல்லாம் கிடையாது.

சாதாரணமா நான் யாரு படத்தையும் உத்துப் பாக்கறதில்ல. கழுவுவேன், காயப் போடுவேன், வெட்டி உறையில போடுவேன். ஊரான் வீட்டு விஷயம் எனக்கெதுக்கு? முன்னாடி கல்யாண ரோல் வரும்போது மட்டும் பாப்பேன். பாக்க வைப்பாங்க. பொண்ணைப் பெத்தவங்க நேரா இங்கயே வந்துடுவாங்க, ஹாராதன் பாபுகிட்ட கெஞ்சி விலாசம் வாங்கிக்கிட்டு இல்ல, அக்கம்பக்கத்துக்காரங்கதான். நம்ம வங்காளி வீடுகள்லதான் பெத்தவ தன் பிள்ளை கல்யாணத்தைக் கண்ணால பாக்கக் கூடாதே. வாசல்ல கல்யாணச் சங்கு ஊதுறாங்க, உள்ளறையில கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பா. படத்துல பாத்தா தப்பில்ல. அதனால ஈரம் காயறதுக்குள்ள ஓடி வந்து, வெளிச்சத்துல தூக்கிக் காட்டு தீதி, எங்க பொண்ணு அழுதாளா, எங்க, எங்கன்னு பறப்பாங்க. அவங்களைப் பாக்கச் சிரிப்பா வரும் எனக்கு. கொழுப்பு, வேறென்ன.

உன் ரோல்ல ஒரே ஒரு சௌகரியம். சிவப்பு தெரியாததால சிவப்பு விளக்கைப் போட்டுக்கிட்டே கழுவலாம். மத்ததெல்லாம் மூடின டப்பாவுக்குள்ள, கும்மிருட்டு, என்ன வந்திருக்குன்னு கடைசி வரைக்கும் தெரியாது. உன்னோடதைத் தட்டுல போட்டு, ரெண்டு முனையையும் பிடிச்சு, மருந்துல இழுத்து இழுத்து விட்டேன். ஒவ்வொரு படமா எழும்பி வந்துச்சு. கண்ணு முன்னாடியே வந்துச்சு.

நெகட்டிவ்ல எல்லாம் மாத்தித் தெரியும். தலைமுடி வெளுப்பா, நடுவுல வகிடு ஒரு கறுப்புக் கோடா இருக்கும். பாக்பஜார் படித்துறையில எடுத்திருக்கியே, அதெல்லாம் ரோலோட ஆரம்பம். நேர் வகிடு, நடு நெத்தியில இருந்து அளந்து வச்ச மாதிரி கோடு. சரியா? அப்புறம் ஏதோ படிக்கட்டுல நிக்கிறா, கரி மூட்டையும் பக்கத்துல நிக்கிறான். அதுல இருந்து கோட்டைக் காணோம். முடியும் வகிடும் ஒண்ணாப் போயிடுச்சு. வெளிச்சக் கோளாறோன்னு அடுத்ததைப் பாத்தேன். அதுலயும் இல்ல. அதுக்கடுத்ததுலயும் இல்ல. வகிடு எங்கயும் போகலப்பா. அதுல சிவப்பு ஏறியிருக்கு. உன் குருட்டு ஃபிலிம் அதை முடியோட சேத்துடுச்சு.

கரி மூட்டை சாட்சிக்கு நின்னவன், அவ சிரிக்கிறது கேமரா பிடிச்ச உன்னைப் பாத்து. ஏன் வேர்க்குது உனக்கு? ஃபேன் ஓடுதே.

ஒண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. இந்த ரோலை இங்க எங்கயும் குடுக்காத, டெல்லிக்கு அனுப்பிக் கழுவுன்னு அவ உன்கிட்ட சொன்னாளா இல்லையா? சொன்னா. ஏன்னு சொல்லல? உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்கன்னு அவகிட்ட கேட்டியா? வீட்டோட இருக்காங்கன்னாளா? பொய்யில்ல, வீட்டோடதான் இருக்கேன். பியாலி எப்பவும் அப்படித்தான். பாதியைச் சொல்லுவா, பாதியை முழுங்குவா. நீயும் அவ சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம். கூரியர் காசை மிச்சம் பிடிக்கப் போய் தர்மதலாவுக்குத் தூக்கிட்டு வந்திருக்க!

உக்காருன்னேன். எங்க எழுந்திரிக்கிற? கதவு தாழ்ப்பா போட்டிருக்கு.

ரெண்டு வாரமாக் கோணல் வகிடு எடுக்கிறா என் பொண்ணு. என்னடி புதுசான்னு கேட்டேன். இப்ப இதுதான்மா எல்லாரும் எடுக்கிறாங்கன்னா. நானும் சிரிச்சேன். பக்கத்துல உக்காந்து மீன் முள்ளு எடுத்துக் குடுத்தேன். அந்த முடிக்குள்ள குங்குமத்தை ஒளிச்சு வச்சுக்கிட்டு என் கையால தின்னுட்டு எழுந்து போயிருக்கா. வயிறு எரியுது எனக்கு. அவ ஒண்ணும் திருடிட்டு வரல, நானும் ஒண்ணும் ராட்சசி இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கத்தியிருப்பேன், ரெண்டு நாள் சோறு தின்னாமக் கிடந்திருப்பேன், அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளறையில உக்காந்திருப்பேன். அந்த உரிமையாவது எனக்கு இல்லையா?

பெத்தவ பாக்கக் கூடாதுங்கிற வழக்கத்துக்காகத்தான் என்னைக் கூப்பிடலைன்னு வச்சுக்கிறேன். யாராவது கேட்டா அப்படியே சொல்லிடுறேன். ஆனா பாத்துட்டேனே. சிவப்பு விளக்குல, தட்டுல, என் கைக்குள்ளயே வந்து நின்னா. ரெண்டு கையும் மருந்துல கிடக்கு. விட்டுட்டு எழுந்தா ரோல் பாழாயிடும். கண்ணைக்கூடத் துடைக்க முடியல. அப்படித்தான் உன் படத்தைக் கழுவி முடிச்சேன். கீறல் இருக்கா பாரு. ஒரு தூசி இருக்கா?

இதைப் பிரிண்ட் போட்டு மாட்ட முடியாது. கல்யாணமான பொண்ணு, வகிட்டுல ஒண்ணுமில்லாத மாதிரி நிக்கிறா. போ, போய் அவளைக் கூட்டிட்டு வா. நேர் வகிடு எடுத்து, குங்குமம் வச்சு வரச் சொல்லு. கேமராவுல ஒழுங்கான ரோல் போட்டு வச்சிருக்கேன், அதுல சிவப்பு சாம்பலாவாவது விழும். நானே எடுக்கிறேன், நானே கழுவுறேன். கூலி உன்னோடது. அதுலயும் பேரம் பேசினன்னு வையி, மாப்பிள்ளைன்னுகூடப் பாக்க மாட்டேன்.