சத்தம் போகாத கதவு

நல்ல கதவுன்னா சாத்தும்போது சத்தம் வரக்கூடாது சார். இந்த ஸ்டேஷன் கதவு கீச்சுன்னு இழுக்கு. கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும். என் பேர் ஜெயினுலாப்தீன். சொந்த ஊர் கடையநல்லூர், தாராவியில பதினாலு வருஷமா மரப்பட்டறை. இந்தியில சொன்னா ஒண்ணு கிடக்க ஒண்ணு எழுதிருவாங்க. மாட்டுங்காவுல தமிழ் தெரிஞ்ச ரைட்டர் இருக்காருன்னாங்க, அதான் உங்கள்ட்ட வந்தேன்.

போன வருஷம், அறுபத்தாறு மே மாசம், கோட்டைப் பக்கம் ஒரு ஹாலுல ஜஹாங்கீர் சாப் எழுதுன புது இசையை ரெக்கார்டு பண்ணுனாங்க. பார்சிக்காரர், தங்கமான மனுஷன். வாத்தியத்துக்கு அறுபது பேர், கோரஸுக்கு எண்பது பேர். நாம தாளம் போட்டுக் கேக்குத சரக்கு இல்லை. வயலின்காரங்க வில்லால மரத்தைத் தட்டுவாங்க, கோரஸ்காரங்க வார்த்தையே இல்லாம முனகுவாங்க. கடைசி ஒம்பது நிமிஷம் பாட்டே கிடையாது. வாத்தியமெல்லாம் நின்னுரும், எண்பது பேரும் சேர்ந்து மூச்சு விடுவாங்க, அதுதான் இசை. முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. மூணாம் நாள் கண்ணு கலங்கிட்டு.

அந்த ஹாலுல சுவர் உசரத்துக்கு ஒரு குழாய் ஆர்கன் உண்டு. அதுக்குக் காத்தடிக்க மோட்டார் இருந்தது, ஆனா அது உறுமுதது மைக்குல ஏறிரும். அதனால பழையபடி கையால துருத்தி அடிக்க ஆள் வேணும்னாங்க. தாராவி லேபர் கேம்ப்புல இருந்து இசக்கிப்பாண்டியை நான்தான் கூட்டிட்டுப் போனேன். மூட்டை தூக்குத பய, உடம்பு தேக்குக்கட்டை. எனக்குத் தம்பி மாதிரி.

துருத்திப் பிடி கிரீச்சிடுதுன்னு, அதைச் சுத்தி ஒரு ஆள் நின்னு கை வீசுத அளவுக்கு மர அறை அடிச்சேன். ரெண்டு பலகைக்கு நடுவுல தேங்காய் நார், உள்பக்கம் கம்பளி, கதவு விளிம்புக்கு ரப்பர். அதிர்வுல திறந்துரக் கூடாதுன்னு வெளியே தாழ்ப்பாள். உள்ளே பல்பு எரிஞ்சா அடிக்கணும், அணைஞ்சா நிறுத்தணும். துருத்திக்குக் காத்து மாடியில இருந்து தனிக் குழாயில வந்துரும். இசக்கி மூச்சு விடுததுக்காகக் கதவுக்கு மேல கை நுழையுத அளவுக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தேன்.

மூணாம் நாள் அதைக் கம்பளி வச்சு அடைச்சேன். சத்தம் வருதுன்னு ரெக்கார்டு எஞ்சினியர் சொல்லுதாருன்னு இசக்கிட்ட சொன்னேன். "புழுக்கமா இருக்குமே பாய்"ன்னான். "நான் வாசல்லயே இருக்கேம்ல. முடியலைன்னா தட்டு, திறந்துருதேன்"னேன். சரின்னு உள்ளே போனான். நான் சொன்னா அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

முக்கால் மணி நேரம் அடிச்சான். ஆர்கன் வேலை முடிஞ்சது, உள்ளே பல்பு அணைஞ்சிருக்கும். கோரஸ் மூச்சு விட ஆரம்பிச்சது. அப்பதான் தட்டினான்.

காதுல கேக்கலை சார். கதவுல உள்ளங்கையை வச்சிருந்தேன், கையிலதான் தெரிஞ்சது. ஷ்யாமளான்னு செம்பூர்ப் பிள்ளை ஒண்ணு கோரஸுல கடைசியா நிக்கும், கதவுல இருந்து நாலடி. அது திரும்பவே இல்லை. பதினாலு வருஷத்துல அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. தாழ்ப்பாளை இழுத்தா டக்குன்னு ஒரு சத்தம், நூத்தி நாப்பது பேரோட மூணு நாள் உழைப்பு பாழ். நீங்களே சொல்லுங்க, ஒரு ஆள் புழுக்கத்துக்காக அதைக் கெடுக்கலாமா. நாலு நிமிஷத்துல தட்டுதது நின்னுட்டு. பொறுத்துக்கிட்டான்னு நினைச்சேன்.

ரெக்கார்டு முடிஞ்சு சிவப்பு விளக்கு அணைஞ்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. நான் திறந்தேன். முட்டி போட்டு, நெத்தி தரையில பட, தொழுகையில சஜ்தா செய்யுத மாதிரி கிடந்தான். உடம்பு இன்னும் சூடாத்தான் இருந்தது. முதல்ல ஓட்டையில இருந்த கம்பளியை உருவி ஜிப்பாப் பையில வச்சேன். பெறவு ஆளைக் கூப்பிட்டேன்.

டாக்டர் மாரடைப்புன்னு எழுதிட்டார். அவன் பொண்டாட்டி பூமாரி அழலை. "நீங்க வாசல்லயே இருந்தியளே பாய், அவரு கூப்பிடவே இல்லையா"ன்னா. இல்லைன்னேன். இன்னைக்கும் தெருவுல பாத்தா மரியாதையா ஒதுங்கி நிக்கா. அதுதான் தாங்க முடியலை.

இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. எஞ்சினியர் ஓட்டையை அடைக்கச் சொல்லலை. அப்படி ஒரு ஓட்டை இருக்குன்னே அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் மனசு கேக்கலை. அவ்வளவு சுத்தமான வேலையில ஒரு ஓட்டையான்னு இருந்தது.

எட்டு மாசம் வாயைத் திறக்காமத்தான் இருந்தேன். போன வாரம் இசைத்தட்டு வந்து, ஹாலுல எல்லாரையும் உட்கார வச்சுப் போட்டாங்க. கடைசி மூச்சுப் பகுதியில, ஏழாவது நிமிஷத்துல, ரெண்டு சத்தம் கேக்கு. பொத்துன்னு ஒண்ணு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. எஞ்சினியர் மூஞ்சியைச் சுளிச்சு, அந்தக் கதவு சத்தத்தை வெளியே விட்டிருக்கு, பாய் செஞ்சது கச்சா வேலைன்னு அத்தனை பேர் முன்னால சொல்லிட்டார். அன்னையில இருந்து எனக்குச் சோறு இறங்கலை.

அடைச்சது நான். தட்டுதது தெரிஞ்சும் திறக்காதது நான். மறைச்சதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுதேன். ஆனா ஏழாவது நிமிஷத்துல இசக்கிக்கு நிக்கத் தெம்பு இருந்திருக்காது சார். குனிஞ்சு கிடந்து தரையைத் தட்டியிருக்கான். ஹால் பூரா ஒரே மரத்தரை, அது வழியா மைக்குக்குப் போயிருக்கு. அந்தத் தரை நான் போட்டதில்லை. என் கதவுல அவன் தட்டினது ஒண்ணுகூட வெளியே வரலை. அதை மட்டும் விடாம எழுதிக்கிடுங்க.